இருபத்து நான்கு பேருக்கான கேளிக்கைப் பூங்காத் திட்டமும் ஒற்றை ஆள் ஒத்திகையும்

பெரிய குடும்பத்தைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கும் மாவீரர்களுக்காக இதை எழுதுகிறேன். யானைப்படை, குதிரைப்படை நடத்தியவர்கள் எல்லாம் என் கணக்கில் சின்னப் பையன்கள். அவர்களின் யானைகளுக்குப் பாதி வழியில் வாந்தி வந்ததில்லை, குதிரைகள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டதில்லை.

பென்னலூர் சமஸ்தானம் என்று நான் அழைக்கும் என் ராஜ்ஜியம் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு ஸ்டவ், வாடகை எழுநூறு ரூபாய். இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் என் அறை வாசலில் செருப்பு கழற்றிய ரத்த சொந்தம் ஒன்றுகூட இல்லை. என் ஆட்கள் எல்லாம் கோவில்பட்டி, சாத்தூர் பக்கம். கல்யாணம் காட்சிக்கு நான் போவேன். ஒருநாள் லீவில் போய், பந்தியில் சாம்பார் வாளி தூக்கி, மண்டபத்து மூலையில் படுத்து, மறுநாள் ரயில் ஏறிவிடுவேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மாமனுக்குக் கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது.

ஆகவே, ஒரே ஒரு முறை அத்தனை பேரும் என் இடத்துக்கு வரவேண்டும், நான் முன்னே நடக்க அவர்கள் பின்னே வரவேண்டும் என்று ஆசை. சும்மா வா என்றால் வரமாட்டார்கள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது, கம்பெனி காம்பவுண்டுச் சுவரும் லாரியும்தானே? அப்போதுதான் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் இருக்கும் கேளிக்கைப் பூங்கா நினைவுக்கு வந்தது. வருகிற மே மாதம் எங்கள் தொழிற்சாலை பராமரிப்புக்காக ஒரு வாரம் மூடுகிறது. பள்ளிக்கூடமும் லீவு. எங்கள் கட்டடத்தில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் அந்த வாரம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதால் மூன்று அறை காலியாகும். சாவியை என்னிடம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் தெற்கே போகும் ரயில் விழுப்புரம் தாண்டும்போது என் சேனை வடக்கே வரும் ரயிலிலிருந்து கையசைக்கும் என்று கற்பனைகூட செய்து வைத்தேன்.

அக்கா வீட்டில் ஏழு பேர், சாத்தூர்த் தங்கச்சி வீட்டில் ஐந்து, பெரிய தம்பி வீட்டில் ஆறு, சின்னத் தம்பி வீட்டில் ஐந்து. மொத்தம் இருபத்து மூன்று, என்னோடு இருபத்து நான்கு. நான்கு மாதமாகத் திட்டம் தீட்டினேன். தொழிற்சாலையில் வரைபடம் மாறும்போது திருத்த எண் போடுவோம், அதேபோல இதற்கும் போட்டேன். நாலாவது திருத்தம் பதினோரு பக்கம். ஒவ்வொரு திருத்தத்தையும் நகலெடுத்து நான்கு வீட்டுக்கும் தபாலில் அனுப்பினேன். செலவுக்கு எனக்குக் கவலை இல்லை. பதினான்கு மாத ஓவர்டைம் பணம் முப்பதாயிரம் தனியாக வைத்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம், அதற்கு ட்ரையல் என்று பெயர். இருபத்து நான்கு பேரை ட்ரையல் இல்லாமல் இறக்குவது தொழில் தர்மத்துக்கு விரோதம். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ததற்கு ஈடாகச் செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்தது. மறுநாள் புதன்கிழமை காலை மே மாதத்து ரயிலுக்கு முன்பதிவு திறக்கிறது. எனவே செவ்வாய் ஒத்திகை, புதன் டிக்கெட். இனி பயணம்.

காலை 9.05. மே மாதம் ஓட்டப்போகும் அதே பதினெட்டு சீட்டு வேனை அமர்த்தினேன், ஒரு வழிக்கு இருநூற்றைம்பது ரூபாய். இருபத்து நான்கு பேரில் சின்னதுகளுக்கு மடிதான் சீட்டு. வேன்காரர் தேசிங்கு பென்னலூர்க்காரர். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், அங்க போய் குந்திகினே? முன்னாடி வா சார், பேசிக்கினே போலாம்."

"எங்க அத்தானுக்கு முட்டி வலி. இந்த சீட்டுல காலு நீட்ட எடம் இருக்கான்னு பாக்கேன்."

"அத்தான் எங்க?"

"கோவில்பட்டியில."

தேசிங்கு வண்டியை எடுத்தார். நான் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு சீட்டு மாறினேன். நடு வரிசை இடப்பக்கம் வெயில் படும், சாத்தூர்த் தங்கச்சிக்குத் தலைவலி வரும் என்று குறித்துக்கொண்டேன். ஏரிக்கரை தெரியும் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கவேண்டும் என்றும் குறித்தேன். பதினாறு கிலோமீட்டர், இருபத்தேழு நிமிடம். பதினெட்டு சீட்டிலும் நான் ஒருவனே பயணம் செய்துவிட்டேன், உலக சாதனையாகக்கூட இருக்கலாம்.

இறங்கும்போது தேசிங்கிடம் ஒரு சிக்கலைச் சொன்னேன். பூங்காவில் ஆளுக்கு முந்நூறு ரூபாய். இருபத்தைந்து பேர் சேர்ந்தால் தலைக்கு இருநூற்று எழுபது. நாங்கள் இருபத்து நான்கு, ஓர் ஆள் குறைகிறது.

"இதுக்கா சார் கவலப்படறே? நானு வரேன். சோறு மட்டும் போட்டுரு. கேட்டா பெரிப்பா புள்ளன்னு சொல்லு."

"உம்ம பேச்சு காட்டிக் குடுத்துருமேய்யா."

"வாயே தொறக்க மாட்டேன் சார். ஊமைன்னு சொல்லிரு."

இருபத்தைந்தாவது ஆள் கிடைத்தார். திட்டத்தில் எழுதிக்கொண்டேன். (கணக்குப் பிரியர்களுக்கு: இருபத்து நான்கு பேருக்கு 7,200 ரூபாய், இருபத்தைந்து பேருக்கு 6,750. ஓர் ஆள் கூடினால் நானூற்றைம்பது மிச்சம். இந்த அதிசயம் வேறெங்கும் நடக்காது.)

பத்து மணிக்கு டிக்கெட் கவுண்டர் திறந்தது. உள்ளே இருந்த பெண், "எத்தன பேர் சார்?" என்றாள்.

"இன்னைக்கு ஒருத்தன். மே மாசம் இருபத்தஞ்சு."

அவள் எட்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். காலி வெளியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

கவுண்டர் பக்கத்துச் சுவரில் நாலரை அடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இருநூற்றைம்பதுதான், ஆனால் பெரிய ராட்டினங்களில் ஏற்றமாட்டார்கள். நான் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்துக் கோட்டை அளந்தேன். தரை சமமில்லாத ஓர் இடத்தில் நின்றால் பிள்ளைக்கு இரண்டு சென்டிமீட்டர் லாபம். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு சேனையில் உள்ள பதினொரு பிள்ளைகளில் யார் கோட்டுக்கு மேலே, யார் கீழே என்று எழுத உட்கார்ந்தேன்.

எழுத முடியவில்லை. கடைசியாக எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில். என் நினைவில் அத்தனையும் இடுப்பு உயரத்தில் நின்றன. பெரிய தம்பியின் மூத்தவள் இப்போது பத்தாம் வகுப்பு. அவள் என்னைவிட உயரமாகக்கூட இருக்கலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற பேர்வழி நான். என் வீட்டுப் பிள்ளைகளின் அளவு என்னிடம் இல்லை. பதினொரு பேருக்கும் முழு டிக்கெட் என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே காலை நேரம் கூட்டம் இல்லை. செவ்வாய்க்கிழமை போவது நல்லது. தண்ணீர்ச் சறுக்கு, அலைக் குளம், படகு ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். படகு ஊஞ்சல் மூன்றரை நிமிடம், வரிசையில் நான்கு நிமிடம். லாக்கர் சாவிக்கு ஐம்பது ரூபாய் வாடகை. பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் அந்த ஐம்பதும் மிச்சம். மே மாதம் அந்த ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு கப் அண்ட் சாசர். பெரிய டீ கப் மாதிரி இருக்கும், எதிரெதிரே இரண்டிரண்டு பேர் உட்காரச் சுழன்றுகொண்டே போகும். ஓட்டுகிறவர் என்னைக் கையால் மறித்தார்.

"சிங்கிளா ஏத்த மாட்டோம் சார். ஒரு பக்கமா இஸ்துக்கும். ஆள் யார்னா இருந்தா கூட்டிகினு வா."

"எல்லாரும் மே மாசம்தான் வாராங்க."

"மே மாசம் வரைக்கும் இங்கியே நிப்பியா?"

நின்றேன். இருபது நிமிடம் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் நான்கு நான்காக வந்தார்கள், கப் நிறைந்தது, போனார்கள். கடைசியில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். ஷெட்டுக்குள் போய் ஒரு மணல் மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். தினமும் காலையில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்பார்களாம், அவர்களுக்கும் ட்ரையல் உண்டு. மூட்டையை என் எதிரே உட்கார வைத்துக் கம்பியைப் போட்டார்.

"இப்ப சரியாப் பூட்ச்சு. கெட்டியாப் புட்ச்சிக்கோ சார்."

வாசகப் பெருமக்களே, கப் சுழன்ற வேகத்தில் செம்பரம்பாக்கம் ஏரி என்னை நூற்றுப் பதினெட்டு முறை சுற்றி வந்தது. எதிரே மூட்டை ஆடாமல் அசையாமல் இருந்தது. எடை எங்கள் அத்தான் அளவு இருக்கும். அத்தானும் பேசமாட்டார். இறங்கும்போது பழக்க தோஷத்தில் "பாத்து எறங்குங்க" என்று மூட்டையிடம் சொல்லிவிட்டேன். ஓட்டுகிறவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோக முடியாது. உள்ளே அளவுச் சாப்பாடு நாற்பது ரூபாய். இருபத்து நான்கு பேருக்குத் தேவையான எட்டுப்பேர் மேஜை மூன்றும் ஜன்னல் ஓரமாக இருந்தன, தேசிங்குக்கு ஒரு நாற்காலி கூடப் போட்டால் போதும். நடு மேஜையில் உட்கார்ந்து, இலை போட்டதிலிருந்து மோர் வரை பதினெட்டு நிமிடம் என்று குறித்தேன். அப்போது ஒரு பெரிய குடும்பம் வந்து நின்றது. அந்த அம்மாள் கேட்டாள்.

"அண்ணா, இந்த சீட்டுக்கெல்லாம் ஆளு வராங்களா?"

"வராங்க," என்றேன். பிறகு எழுந்து இடம் கொடுத்தேன்.

இரண்டே முக்கால் மணிக்கு, அலைக் குளத்துப் பக்கம் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவைச் செல்லில் கூப்பிட்டேன். மறுநாள் டிக்கெட் எடுக்கத் தலை எண்ணிக்கை உறுதியாக வேண்டும்.

"அக்கா, நாந்தான். நாளைக்குக் காலையில ரிசர்வேஷன் தொறக்கான். இருபத்து மூணுதான? கூடக் கொறைய இருக்கா?"

"என்னல இருபத்து மூணு?"

"டிக்கெட்டுக்கா. மே மாசம். பார்க்குக்கு. லெட்டர் போட்டேம்லா."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "ஏ, அதா! அத வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஒங்க அத்தானுக்குப் பொரையேறி, நான் ஓடிப்போயி தண்ணி எடுத்துக் குடுத்தேன். 'மகாராணியார் தம் தலையணையைத் தாமே சுமந்து எழுந்தருள்க'ன்னு எழுதிருக்கியே, அந்த எடத்துல. சாத்தூர்க்காரி அதச் செராக்ஸ் எடுத்துத் தெருவெல்லாம் குடுத்துட்டா. பிள்ளைய எல்லாம் கேக்குதுவ, நாலு வந்துட்டு, அஞ்சாவது எப்ப வரும்னு."

"அக்கா, நான் நெசமாத்தான் கூப்பிட்டேன்."

"ஆமா, நீ நெசமா கூப்பிட்ட, நாங்க யானையில வாரோம்."

அந்த நேரம் குளத்தில் அலை கிளம்பியது. நூறு பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

"எல, அது என்ன சத்தம்? கம்பெனியில யாருக்கும் கை கிய் போயிட்டா?"

"இல்லக்கா. பார்க்குல இருக்கேன். நீங்க வாரதுக்கு முன்னால ஒருக்கா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

"ஆரு கூட?"

"ஆரும் இல்ல."

"ஒத்தையிலயா போயிருக்க?"

"ஆமா."

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "நாங்க ஆருமே அப்படி நெனைக்கலயே எய்யா," என்றாள். "நீ எப்பவும் போல எழுதுதன்னுல்லா..." பிறகு மெதுவாக, மே மாதம் பெரிய மருமகள் வீட்டில் ஏதோ விசேஷம் என்றும், சின்னத் தம்பி கடையைப் பூட்டமுடியுமோ என்னவோ என்றும் இழுத்தாள்.

அப்போதாவது நான் ஒழுங்காகப் பேசியிருக்கலாம். "சும்மா கேட்டேன்க்கா. யானை எத்தனைன்னு மட்டும் சொல்லிரு, தீவனம் வாங்கணும்," என்று சொல்லி, அவளைச் சிரிக்கவைத்து, செல்லை அணைத்துவிட்டேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

பாக்கி ஒத்திகையை முடித்தேன். கழிப்பறை எத்தனை, நிழல் எங்கே, குரூப் போட்டோவுக்கு எந்தப் படிக்கட்டு என்று பார்த்தேன். போட்டோக்காரர், "ஒரு ஆளுக்கும் எடுப்போம் சார், நாப்பது ரூவா," என்றார். வேண்டாம் என்றேன். ஐந்தரைக்கு வெளியே வந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில் ஐந்து ரூபாய்க்கு ஏறி, நின்றுகொண்டே பென்னலூர் வந்து சேர்ந்தேன். புதன்கிழமை முன்பதிவுக்குப் போகவில்லை, ஷிப்டுக்குப் போனேன்.

அன்று மாலை நாலாவது திருத்தத்தை எடுத்துவைத்து, ஒரு பாகத்தைச் சோதிப்பதுபோல வரிவரியாகப் பார்த்தேன். "சேனை திரட்டிப் புறப்படுக" என்று இருந்தது. "சமஸ்தானம் சிவக்கக் கம்பளம் விரிக்கும்" என்று இருந்தது. தாம்பரத்தில் இறங்கி ஒரகடம் வழியாக முப்பத்தேழு கிலோமீட்டர் வேனில் வரும் பாதைக்குப் "பட்டத்து வீதி" என்று பெயர் வைத்திருந்தேன். பதினோரு பக்கத்தில் "வாங்க" என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பிழை பாகத்தில் இல்லை, வரைபடத்திலேயே இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் தபால் நிலையத்தில் ஐம்பது பைசா கார்டு நான்கு வாங்கினேன். பதினோரு பக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் போதும், அந்த ஒரு கார்டு எழுத மூன்று நாள் ஆனது. பேனா ராஜநடை போட்டுப் பழகிவிட்டது. கடைசியில் நான்கிலும் ஒரே வாசகம்: "மே மாதம் எல்லாரும் என் அறைக்கு வாங்க. செலவு என்னுடையது. உங்களைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது." சனிக்கிழமை பெட்டியில் போட்டேன்.

திட்டமிடுவோருக்கு இனி என் யோசனைகள். இருபது பேருக்கு மேல் என்றால் முதலில் பூங்காவுக்குப் போன் செய்து கூட்டச் சலுகை எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் நிறுத்தி அளந்து அனுப்பச் சொல்லுங்கள், நினைவை நம்பாதீர்கள். பெரியவர்களுக்கு வேனில் முன்சீட்டு. மாற்றுத்துணி ஆளுக்கு ஒன்று, துண்டு இரண்டு. தென் மாவட்டத்திலிருந்து வருவோர் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினால் ஒரு மணி நேரம் மிச்சம். ரயில், வேன், நுழைவுச்சீட்டு, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபத்து நான்கு பேருக்கு முப்பதாயிரத்துக்குள் முடியும், என் கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தில் அழைக்கிறவர்கள் முதல் வரியிலேயே அழைத்துவிடுங்கள். வேடிக்கையை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் பிரவுசிங் சென்டரில் தட்டிக்கொண்டிருக்கும்போது செல் அடித்தது. பெரிய தம்பி.

"அண்ணே, கார்டு வந்துச்சு. நான் வாசிச்சேன், அவ வாசிச்சா, பிள்ளைகளும் வாசிச்சிட்டு. இதுல எங்க சிரிக்கணும்னு ஆருக்கும் தெரியல."

"சிரிக்க வேண்டாம்டா. வாங்க."

தம்பி செல்லைக் கையால் பொத்திக்கொண்டு அவன் மனைவியிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கேன்டா."

"பெறவு?"

"பெறவு ஒண்ணும் இல்ல. பாக்கணும் போல இருக்கு, அவ்வளவுதான்."

"சரி," என்றான். "அப்ப எங்க வீட்டுல ஆறு டிக்கெட்டு போட்டுரு. மத்தவுககிட்ட நான் பேசுதேன்."

ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டர் எட்டு மணி வரை உண்டு. இப்போது ஆறே கால்.